பல்லடத்தில் பிரிந்த டேப் ரிக்கார்டர்

ஆசிரியர் அறை நண்பர்களே, மானியம் வந்தே விட்டது!

ஆங்கில ஆசிரியர்களை உருவாக்கும் நம் திருப்பூர்ப் பயிற்சிப் பள்ளிக்கும் தாராபுரத்துப் பயிற்சிப் பள்ளிக்கும் சேர்த்து ஒரே ஒரு டேப் ரிக்கார்டர். இரண்டு பள்ளிகளும் கூடி வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை.

இன்று நானும் தாராபுரத்துக் கோமதி டீச்சரும் கோயமுத்தூர் போய் அதை வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் அது எங்கள் இருவர் மடியிலும் பாதிப் பாதியாக உட்கார்ந்து வந்தது.

“ஏனுங்க, பொட்டிக்குள்ள என்னங்க?” என்றார் கண்டக்டர்.

“இங்கிலீசுங்க” என்றார் கோமதி. பஸ்ஸே சிரித்தது.

பல்லடத்தில் வழி பிரிகிறது. பெட்டி யாருக்கு? இருவருமே கைப்பிடியை விடவில்லை. அதற்குள் தாராபுரம் பஸ்ஸுக்கு விசில் ஊதிவிட்டார்கள். மானியம் வந்த குஷியில் எனக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

“மொதல்ல நீங்களே வெச்சுக்கோங்க டீச்சர்!”

“நெசமாவேங்களா!” என்று பெட்டியோடு தாவி ஏறினார். பஸ் மறையும்வரை கையாட்டினேன்.

திருப்பூர் வந்து பையைத் திறந்தால், டேப் சுருள் அத்தனையும் என்னிடம். சுருள் இல்லாமல் அந்தப் பெட்டி வாயே திறக்காது.

இனி கூடி வேலை செய்தே தீர வேண்டும். தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழேயே எழுதிவையுங்கள்: பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பிளக் பாயிண்ட் உள்ள டீக்கடை எது?