முகாமியின் கரி உருண்டை

நக்குரு ஊரில் முகாமி வேனில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். அவள் மேல் ஒரு நாற்றமும் கிடையாது. வேலை முடிந்து தேய்த்துக் குளித்து, தலையில் பூப்போட்ட துணி கட்டி, சோப்பு மணக்கத்தான் வருவாள். ஆனால் எங்கே வேலை செய்கிறாள் என்று ஊருக்குத் தெரியுமே! அவள் சாலையோரம் சோளக்கதிர் சுட்டு விற்ற காலத்தில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற அதே ஆட்கள்தான், கழிவு ஆலையில் சேர்ந்ததும் "மலக்காரி" என்று பெயர் வைத்தார்கள்.

அவளா விடுவாள்? "ஆமாம், மலக்காரிதான். நீ போட்டதைத்தானே நான் அள்றேன்? நீ போடறதை நிறுத்து, நான் அள்றதை நிறுத்தறேன்" என்பாள். வேனே சிரிக்கும்.

ஊரின் கழிப்பறைக் குழிகளை உறிஞ்சிக்கொண்டு லாரிகள் ஆலைக்கு வரும். அதைக் கூடாரத்துக்குள் வெயிலில் மண்ணாங்கட்டி போலக் காயவைத்து, மூடிய சூளையில் கருக்குவார்கள். அந்தச் சூட்டில் கிருமி ஏது, நாற்றம் ஏது? பிறகு மரத்தூள் கரியோடு சேர்த்து அரைத்து, கரும்பாலைப் பாகு தெளித்து, சுற்றுகிற பெரிய தட்டில் போட்டால் எலுமிச்சம்பழம் போலக் கறுப்பு உருண்டைகள் உருளும். அந்தத் தட்டு முகாமியின் ராஜ்யம். பாகு கூடினால் களியாகும், குறைந்தால் உதிரும். அவள் கை பட்ட உருண்டை தரையில் போட்டாலும் உடையாது. அதில் அவளுக்கு அவ்வளவு கர்வம். மலைச்சரிவில் மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுகிறவர்களைக் கண்டால், "ஒரு மரத்தைத் தொடாம ஊருக்கே உலை வைக்கிறேன், நீங்க என்னடான்னா!" என்று முறைப்பாள்.

முதல் பை உருண்டையை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் சறுக்கியது. புருஷன் முரீதியிடம் மூச்சு விடாமல் அதிலேயே கறுப்பு மொச்சை வேகவைத்தாள். மனுஷன் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"இன்னிக்குப் புகையே காணோமே, வைரிமு அம்மா? என்ன கரி?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான்.

"அது மலமோ மண்ணோ, அதில்ல எனக்கு வருத்தம். தின்னு முடிச்சப்புறம் சொல்றியே! முன்னாடியே சொல்லியிருந்தா திங்கலாமா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்ல?"

சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து யாருக்குச் சமைத்தாலும், விற்றாலும், முதல் பேச்சே அதுதான்: இது எதில் செஞ்சது தெரியுமா? பாதிப்பேர் ஓடுவார்கள். ஓடட்டும் என்று விட்டுவிடுவாள். முரீதியும் மெல்லப் பழகிக்கொண்டான்.

இப்படி இருக்கும்போது மகள் வைரிமுவுக்குப் பக்கத்து ஊரான பஹாத்தியிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் கதோகோ தங்கமான பிள்ளை. அவனுடைய அத்தை வாமுயுதான் கொஞ்சம் காரம். அந்த வீட்டில் அவள் தலையாட்டாமல் ஒன்றும் நடக்காது. "கழிவு ஆலைக்காரி வீடா?" என்று அவள் மூக்கைச் சுளித்ததாகக் காதுக்கு வந்ததிலிருந்து வைரிமு சரியாகச் சாப்பிடவில்லை.

பரிசம் பேசும் நாள் குறித்தாயிற்று. பெண் வீட்டில்தான் ஆடு சுட்டுப் போட வேண்டும்.

"அன்னிக்கு மட்டும் உன் உருண்டை வேணாம்" என்றான் முரீதி. "மரக்கரியே வாங்கிடலாம். பொண்ணு முகத்தைப் பாரு."

மனசில்லாமலே முகாமி தலையாட்டினாள். மகளைவிடவா உருண்டை பெரிசு?

முரீதி ரெண்டு மூட்டை மரக்கரி கொண்டுவந்து முற்றத்தில் சாய்த்தான். வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுமே என்று, கொட்டகையோரம் இருந்த அவள் உருண்டை மூட்டைகளை வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயால் இழுத்து மூடினான். விடியற்காலை மழை கொட்டித் தீர்த்தது. மறைத்த சரக்கு மொறுமொறுவென்று இருந்தது. மரக்கரியோ தண்ணீரில் ஊறிக் கிடந்தது. என்ன மூளை பாருங்கள்!

ஊதி ஊதி ஒரு வழியாகப் பற்றவைத்தார்கள். புகை பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பஹாத்திப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிசம் பேசினார்கள். ஆடு அப்படியே பச்சையாகக் கிடந்தது.

"என்ன சம்பந்தி, எங்களைப் பட்டினி போட்டே பரிசத்தை ஏத்தப் பார்க்கறீங்களா?" என்றார் ஒருவர் இருமிக்கொண்டே. முரீதி நெளிந்தான்.

முகாமி எழுந்தாள். ஒருவரிடமும் கேட்கவில்லை. தார்ப்பாயை உருவி எறிந்துவிட்டு, மூட்டையை இழுத்து அடுப்பில் கவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் உருண்டைகள் கனிந்து சிவந்தன. புகை நின்றது. கொழுப்பு சொட்டச் சொட்டக் கறி வெந்து மணத்தது.

பஹாத்திப் பெரியவர் ஒருவர் கறியை வெட்டக் கத்தியை எடுத்த நேரத்தில் வாமுயு அத்தை கேட்டாள்.

"நல்ல கரியா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

வேண்டாம் என்று முரீதி கண்ணைக் காட்டினான். வைரிமு தலையைக் குனிந்துகொண்டாள். முகாமி இருவரையும் பார்த்தாள். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு அவர்களைத் தின்னவிட அவளால் ஆகவில்லை.

"வாங்கலை சம்பந்தி, நான் செஞ்சது. ஊர்க் கழிப்பறைக் குழியிலேர்ந்து வர்றதைக் காயவைச்சு, கருக்கி, உருட்டினது. சுத்தமானது, நாங்களும் தினம் இதுலதான் சமைக்கிறோம். இருந்தாலும் நீங்க சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லணும். இஷ்டமிருந்தா சாப்பிடுங்க."

பெரியவர் கத்தியைக் கீழே வைத்தார். வைரிமுவின் கண் நிறைந்துவிட்டது.

வாமுயு அத்தை எழுந்து அடுப்பண்டை போனாள். குனிந்து தணலை மோந்து பார்த்தாள். பிறகு ஒரு விலா எலும்பைக் கையால் பிய்த்து, நின்றபடியே கடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் அவசரப்படாமல் மென்று விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

பின்னே தன் அண்ணன் தம்பிகள் பக்கம் திரும்பி, "என்ன முழிக்கறீங்க? அடுப்புல என்ன எரியுதுங்கறதையே மறைக்காதவ, பொண்ணு விஷயத்துல எதை மறைப்பா? வெட்டுங்கடா கறியை!" என்று ஒரு அதட்டல் போட்டாள். கத்தி மறுபடி மேலே ஏறியது. எலும்புகூட மிஞ்சவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண் வீட்டுக்கு விறகு சுமந்து வருவது அங்கே வழக்கம். அந்த நாளும் வந்தது. நெற்றியில் மாட்டிய பட்டையில் விறகுக்கட்டு முதுகில் தொங்க, குலவையிட்டுக்கொண்டு வரிசையாகச் சந்தில் ஏறி வந்தார்கள். கடைசியில் வாமுயு அத்தை, மூச்சு வாங்க. அவள் முதுகில் மட்டும் விறகு இல்லை. ஒரு சாக்கு மூட்டை. அதில் ஆலையின் முத்திரை.

முகாமி ஓடிப்போய் மூட்டையை இறக்கினாள். அக்கம்பக்கம், வேனில் எழுந்து போனவர்கள், எல்லோரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்!

அத்தை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சம்பந்தி, அடுப்புல போடறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். போன மாசம் எங்க வீட்டுக் குழியையும் உங்க லாரிதான் வந்து எடுத்துட்டுப் போச்சு."