வெள்ளக்கடையை எரித்த ஓட்டு

போர் என்று வந்தால் ஏதாவது ஓர் ஊர் எரியத்தான் செய்யும். இதைச் சொன்னால் எங்கள் மலையில் ஒருவருக்கும் ஏறவில்லை. எரிகிற ஊர் தங்கள் ஊராக இருக்கக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்திருந்தது.

நான் செல்போன் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறேன். மாயமும் மந்திரமும் கொண்ட கற்பனை நாட்டுக் கதை. வாரம் ஒரு பகுதி வரும். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் வாசகர்களுக்கு இரண்டு வழிகள் கொடுக்க வேண்டும். பாலத்தைக் கடப்பதா, திரும்பிப் போவதா? தூதனை நம்புவதா, சிறையில் போடுவதா? அவர்கள் போனைத் தொட்டு ஓட்டுப் போடுவார்கள். எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அந்தப் பக்கம்தான் அடுத்த வாரம் கதை நகரும். நான் இரண்டுக்கும் யோசித்து வைத்திருக்க வேண்டும். அதில் பாதி எப்போதும் குப்பைக்குத்தான் போகும். இந்தப் பிழைப்புக்கு வெளியூரில் பெரிய மரியாதை இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'போனை நோண்டுவது'.

கதையின் முதல் வரிக்கு முன்பே அந்த நாட்டின் போர் வரலாறு முழுவதையும் எழுதி வைத்திருந்தேன். எந்தக் கணவாயில் யார் தோற்றார்கள், ஏன் தோற்றார்கள், மழைக்காலத்தில் படைக்கு அரிசி எப்படிப் போயிற்று, எல்லாம். சென்னையிலிருந்து தொடரைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, டிராகன் எங்கே என்று கேட்டார். டிராகன் என்ன சாப்பிடும் என்று நான் கேட்டேன். அதெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நான் கேட்பேன். ஒரு நாளைக்கு ஒரு மந்தையை விழுங்குகிற பிராணியை வைத்துக்கொண்டு எந்த அரசன் மலையேறிப் போருக்கு வருவான்? ஒரு மாதம் இதிலேயே உயிரை எடுத்தார். கடைசியில் மலைப்படைக்குக் காட்டெருமைகளைக் கொடுத்தேன். ஏற்காட்டில் காலையில் கதவைத் திறந்தால் காபிச் செடிக்குள் நிற்கிறதே, அதே காட்டெருமைதான். அதன்மேல் ஏறி உட்கார ஒரு மந்திரம் மட்டும் சேர்த்தேன்.

என் கதையின் மலை எங்கள் சேர்வராயன் மலைதான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. தெரியாத மலையில் போர் நடத்த எனக்குத் துணிச்சல் கிடையாது. குப்பனூரிலிருந்து ஏறுகிற இரண்டாவது ரோட்டை எதிரிப் படையின் பாதையாக்கினேன். நான் பிறந்த வெள்ளக்கடையை எடுத்துக் கீழ்க்காவல் என்று பெயர் வைத்தேன். வாழ்க்கைப்பட்ட வாழவந்தியை மேல்காவல் ஆக்கினேன். நிஜத்தில் இரண்டும் இப்படிக் கீழும் மேலுமாக ஒரே பாதையில் இல்லை. கதைக்காக இழுத்துக்கொண்டு வந்து வைத்தேன். பெயரையும் இடத்தையும் மாற்றியாகிவிட்டது, இனி யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்துக் கேள்வி இதுதான். மலைப்படை சிறியது. இரண்டு ஊரையும் காக்க ஆள் போதாது. படைத்தலைவி கீழ்க்காவலில் நின்று சண்டை போட்டால், பக்கவாட்டில் மேல்காவலுக்கு ஏறும் ஆட்டுத்தடம் காவலில்லாமல் கிடக்கும். எதிரி அதில் ஏறி மேல்காவலைக் கொளுத்திவிடுவான். மேல்காவலுக்குப் பின்வாங்கினால் கீழ்க்காவல் எரியும். ஆனால் தண்ணீர் ஊற்று மேல்காவலில்தான் இருக்கிறது. அது போனால் மலையே போகும். அந்த நாட்டின் பழைய போர்களைத் தொடர்ந்து படித்தவர்கள் பின்வாங்கத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன். பிறந்த ஊராயிற்றே என்று எனக்கு மனம் அடித்துக்கொள்ளவில்லை. கணக்கு அப்படி, அவ்வளவுதான்.

முதலில் கண்டுபிடித்தது வெள்ளக்கடைக்காரர்கள். காட்டெருமை தெருவுக்குள் வந்தால் அங்கே ஒரு பழக்கம் உண்டு. பார்த்தவர் தகரத்தை எடுத்துத் தட்டுவார். வேகமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி மெதுவாக ஒன்று. அடுத்த வீட்டில் அதையே வாங்கித் தட்டுவார்கள். அப்படியே ஊர்க்கடைசி வரை போகும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள் உள்ளே ஓடிவிடுவார்கள். கதையில் கீழ்க்காவலின் காவலர்கள் எதிரியைக் கண்டதும் எப்படித் தட்ட வேண்டும் என்று யோசித்தபோது என் கை தானாக அதையே எழுதிவிட்டது. இரண்டு, நிறுத்தி ஒன்று. எஸ்டேட் லாரி ஓட்டுகிற ஒருவர் அதைப் படித்துவிட்டு, இது நம்ம ஊரு என்று வாட்ஸப் குழுவில் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் வாழவந்தியிலும் விஷயம் பரவிவிட்டது. மேல்காவலின் முகப்பில் பிளந்த பாறை ஒன்றும் அதன் இடுக்கில் முளைத்த அத்திமரமும் இருப்பதாக எழுதியிருந்தேன். அந்தப் பாறையில் சாய்ந்துகொண்டுதான் எங்கள் ஊர் முழுவதும் பஸ்ஸுக்கு நிற்கும்.

அதற்குப் பிறகு என் போர், பஞ்சாயத்துத் தேர்தல் ஆகிவிட்டது. அவரவர் ஊரைக் காப்பாற்றச் சொல்லி இரண்டு பக்கமும் செய்தி பறந்தது. அதுவரை கதை பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் செயலியை இறக்கி ஓட்டுப் போட்டார்கள். யார் படைத்தலைவி, எதற்குச் சண்டை, ஒன்றும் தெரியாது. முதல் பகுதியிலிருந்து படித்துவரும் வாசகர் ஒருவர், ஆட்டுத்தடத்தில் பத்துப் பேரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அருமையாக ஒரு கேள்வி எழுதியிருந்தார். பத்துப் பேர் ஏன் போதாது என்று நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் வெள்ளக்கடை வாழ்க, வாழவந்தி வாழ்க என்று வந்து குவிந்து அவர் கேள்வி எங்கேயோ அடியில் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். வேறு போன் இல்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளக்கடைப் பெண், எங்க ஊரு மேல உங்களுக்கு என்னங்க அப்படி வெறுப்பு என்று கேட்டார். சின்ன வயதில் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவள் நான். வீட்டுக்கு வந்தால் மாமியார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. கேழ்வரகு புடைத்துக்கொண்டே சொன்னார்.

"எரிக்கறதுன்னா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல சாமி. போன மாசந்தான ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சோம்."

இவரிடம் என்ன பேசுவது? கற்பனை என்றால் என்ன என்று நான் விளக்கிய விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, மாட்டுக்கொட்டகையையாவது விட்டுவிடு என்றார்.

என் கணவர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் வருகை குறிப்பதும் அவர் வேலை. என் கதையை அவர் ஒரு பகுதிகூடப் படித்ததில்லை. இந்த விஷயத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியின் மேல்படியில் மட்டும்தான் எங்கள் பக்கம் சிக்னல் கிடைக்கும். அங்கே அவர் நின்று போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன். பின்னால் எஸ்டேட் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சென்னை ஆசிரியருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இவ்வளவு ஓட்டு இதுவரை எந்தத் தொடருக்கும் வந்ததில்லையாம். அடுத்த வாரம் இன்னும் நாலு ஊரைச் சேர்த்து எரிக்கலாமா என்றார். போர் வரலாறு என்று ஒன்று இருக்கிறது என்றேன். அதை யாரும் படிக்கவில்லை, ஊரைத்தான் படிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இதற்கு நடுவில் எனக்குள் ஒரு பயமும் வளர்ந்துகொண்டிருந்தது. வெள்ளக்கடையில் ஓட்டுச் சேர்க்க முன்னால் நின்றது என் அண்ணன். அங்கே ஒரு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். அப்பா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது அவர் வீடு ஒன்றுதான். கீழ்க்காவல் எரிந்தால் அண்ணன் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மேல்காவல் எரிந்தால் நான் இருக்கிற வீட்டில் சோறு இறங்காது. கதையை நடத்த வேண்டியவள், எந்த வாசலை இழக்கப்போகிறோம் என்று ஓட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். இந்த வேலையை எடுத்த நாளைத் திட்டிக்கொண்டே காத்திருந்தேன்.

வெள்ளக்கடையில் ஆள் கட்டு அதிகம். அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். முடிவு வந்தபோது கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்தில் பின்வாங்குவது என்று ஆகியிருந்தது. கீழ்க்காவல் எரியும். நான் விரும்பிய முடிவுதான். ஆனாலும் சந்தோஷமே வரவில்லை. இத்தனை பேர் ஓட்டுப் போட்டதில் தண்ணீர் ஊற்றை நினைத்துப் போட்டவர் ஒருவராவது இருந்திருப்பாரா? சரியான முடிவு தப்பான காரணத்துக்காக வந்து என் மடியில் விழுந்திருந்தது. வெள்ளக்கடையில் யாரோ உள்ளேயிருந்தே கவிழ்த்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. இரண்டு மூன்று பேர் மீது சந்தேகம் என்றார்கள்.

நான் அடுத்த பகுதியை எழுதினேன். கீழ்க்காவல் எரிவதைச் சுருக்கமாக முடித்தேன். போர் வரலாறுகளில் எழுதுவார்களே, அப்படி. 'மக்கள் வெளியேறினர். ஊர் கொளுத்தப்பட்டது.' அதற்குப் பிறகு மேல்காவலில் பெரிய சண்டை. காட்டெருமைப் படை சரிவில் இறங்கும் காட்சியை ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். அனுப்ப வேண்டிய நாள் காலையில் அண்ணன் வண்டியில் வந்து இறங்கினார்.

சாக்கில் ஒரு பலாப்பழம், கொஞ்சம் மிளகு. எப்போதும் கொண்டுவருவதுதான். முகம் கோணவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. காபி கொடுத்தேன். ஊரில் யார் கவிழ்த்தது, தெரிந்ததா என்று கேட்டேன்.

"நாந்தான்," என்றார்.

அவர் போனில், அண்ணி போனில், அவர் பேச்சைத் தட்டாத ஜீப்காரர்கள் அத்தனை பேர் போனிலும் பின்வாங்குவதற்கு ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். பகலெல்லாம் ஊருக்காக ஓட்டுக் கேட்டுவிட்டு இதைச் செய்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, நீ இருக்கிற ஊட்ட எரிக்க எப்படி ஓட்டுப் போடுவது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் யோசித்துக் கட்டிய போரை இந்த மலையில் ஒரே ஒரு ஆளாவது போராகப் பார்க்கக் கூடாதா?

"அது கதைங்ணா. கதைல நான் அங்க இல்லைங்ணா."

"அந்தப் பாறை இருக்குது. அத்திமரம் இருக்குது. மாப்ள ஊடு இருக்குது. நீ மட்டும் எப்படிக் கண்ணு இல்லாமப் போவ?"

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு, வந்த விஷயத்தைக் கேட்டார். ஊர் எரிகிறது, சரி. எங்க ஊடும் சேர்ந்துதான் எரியும், அதுவும் சரி. வண்டியில் வரும்போது அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாராம்.

"எரிஞ்சதுக்கு அப்புறம் நாங்கெல்லாம் எங்க போறோம்?"

வெளியேறினர் என்று எழுதியிருந்தேன். வெளியேறி எங்கே போனார்கள் என்று என் போர் வரலாற்றில் எந்தப் பக்கத்திலும் இல்லை. படைக்கு அரிசி எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரிந்தது. கீழ்க்காவலின் சனங்கள் மேடேறினார்களா, காட்டுக்குள் போனார்களா, யோசிக்கவே இல்லை. அடுத்த பகுதியில் சொல்கிறேன் என்று ஏதோ முனகினேன்.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த என் கணவர் அங்கிருந்தே சொன்னார். "இங்கதான் வருவாங்க. வேற எங்க போவாங்க? நீங்க பேசாமக் கெளம்பி வாங்க மச்சான்."

அண்ணன் தலையாட்டினார். மாமியார் பலாப்பழத்தை உள்ளே எடுத்துப் போனபடி, அத்தனை சனத்துக்கும் பாய் பத்தாது என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. என் கதையை என்னைக் கேட்காமலே மூன்று பேரும் முடிவு செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கதையைப் படிக்காத மனுஷன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போன கடுப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

எழுதி வைத்திருந்த சண்டை முழுவதையும் எடுத்துவிட்டு அன்று பகலெல்லாம் உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். கீழ்க்காவலின் சனங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டே மேடேறி வருகிறார்கள். இரண்டு, நிறுத்தி ஒன்று. பிளந்த பாறைக்குப் பக்கத்தில் மேல்காவல்காரர்கள் விளக்கோடு நிற்கிறார்கள். எந்தக் குடும்பம் எந்த வீட்டுக்கு என்று அங்கேயே பிரிக்கிறார்கள். பாய் பத்தவில்லை. மாட்டுக்கொட்டகையைக் கழுவி அதிலும் படுக்கிறார்கள். தொட்டியில் படியேறி நின்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆசிரியர் கூப்பிட்டார். இந்த வாரம் ஒரு வாள்கூட உறையிலிருந்து வெளியே வரவில்லை என்று சத்தம் போட்டார். போகட்டும், கடைசியில் வாசகர்களுக்கு இரண்டு வழி கொடுக்க வேண்டுமே, அது எங்கே என்றார். அவரே ஒன்று யோசித்தும் வைத்திருந்தார். கீழிருந்து வருகிறவர்களை மேல்காவல் உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று கேட்கலாம், ஓட்டு பிய்த்துக்கொண்டு போகும் என்றார்.

அது ஓட்டுக்கு விடுகிற விஷயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.