ஜலஜாவின் வைக்கோல் பைகள்

எங்கள் அடுக்ககச் சங்கச் செயலாளர் பத்ரிநாராயணனை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் பன்னிரண்டு வீடு கொண்ட ஒரு கட்டடத்துக்கு அவர் காட்டுகிற தோரணை கலெக்டருக்குக்கூடக் கிடையாது.

மூன்றாம் மாடி ஜலஜா பத்தொன்பது வருஷம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள். பிள்ளைகள் சேரவில்லை என்று பாடத்தையே மூடி அவளையும் அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை அவள். மொட்டை மாடியில் ஓலைக் கொட்டகை போட்டாள். வைக்கோலை அவித்து ஆறவைத்து, காளான் விதை தூவி, பைகளில் அடைத்துத் தொங்கவிட்டாள். இரண்டு வாரத்தில் வைக்கோல் முழுக்க வெள்ளை இழை ஓடும். பிறகு பையின் ஓட்டைகளில் சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக எட்டிப் பார்க்கும். அடையாறிலும் தி. நகரிலும் வாடிக்கை பிடித்தாள். அந்தக் கொட்டகைதான் அவளுக்குச் சோறு போட்டது.

செயலாளரின் பேத்தி ஸஹானாவுக்கு இருமல் வந்தது. உடனே கூட்டம் போட்டார்.

"குழந்தை மூச்சு விட முடியாம தவிக்கறது. அந்தக் கண்றாவிப் பொடி காத்துல பறந்துண்டு வருது!"

"காளானோட குடை நன்னா விரிஞ்சாத்தான் பொடி கொட்டும், மாமா. நான் அதுக்கு முன்னாடியே பறிச்சுடறேன். உங்காத்து பீரோவுக்குப் பின்னாடி பாருங்கோ, சுவரெல்லாம் கறுப்பாப் பூசணம்."

"எங்காத்தைப் பத்தி நீ பேசாதே!"

கொட்டகையைப் பிரிக்க எட்டுக் கை உயர்ந்தது. ஒன்று என்னுடையது. தண்ணீர்த் தொட்டித் தகராறில் எனக்கு அவர் தயவு வேண்டியிருந்தது. நினைத்தால் இன்றும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

பத்து நாள் அவகாசம் கேட்டாள். கொடுக்கவில்லை. அவள் காளான் கொடுக்கப் போயிருந்த நேரத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். செயலாளர் அதோடு விட்டாரா? பைகளைக் கிழித்து, கீழே தன் படுக்கையறை ஜன்னலடியில் செம்பருத்திகளுக்குப் போடச் சொன்னார்.

"அந்தம்மா பொழப்புல மண்ணைப் போட்டுட்டு, அத்தயே செடிக்கு எருவா போடறாரு சார். இன்னா மன்சன்!" என்றான் வாட்ச்மேன் பாண்டுரங்கன்.

நாலு நாள் மழை பெய்தது. கிழிந்த வைக்கோலில் இழை சாகவில்லை. ஜன்னலடி முழுக்கக் காளான் முளைத்தது. தொட்டால் தீட்டு என்று செயலாளர் கிட்டே போகவில்லை. பாண்டுரங்கனும் முதுகு வலி என்று சொல்லிவிட்டான். குடைகள் தட்டுத் தட்டாக விரிந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கட்டை முழுக்க வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

"ஜலஜா! எல்லாத்தையும் பறிச்சுண்டு போ!" என்று கத்தினார். உள்ளே ஸஹானா இருமிக்கொண்டிருந்தாள்.

ஜலஜா குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் வந்து நின்றாள்.

"விரியறதுக்கு முன்னாடி பறிக்க ஒருத்தி இருந்தா, மாமா. அவ கொட்டகையைத்தான் கை தூக்கிப் பிரிச்சுட்டேளே." என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். "குழந்தையை எங்காத்துக்கு அனுப்புங்கோ, நான் பாத்துக்கறேன். நீங்க இங்கேயே மூச்சு விடுங்கோ."