சீட்டில் பாக்கு, தொட்டியில் என்ன?

மருந்துக் கம்பெனியில் பெட்டி அடைக்கும் பிரிவில் அவளுக்குப் பெயர் ‘பிரிச்சுப்பாரு’. ஒட்டி முடித்த பெட்டிகளில் ஏதாவது ஒன்றைப் பிரித்து, மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. மேலாளரே உத்தரவாதம் கொடுத்தாலும் பிரிப்பாள். சங்கத்துத் தேர்தலில் ஓட்டுப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தவள். எங்களுக்கு எரிச்சல்தான். ஆனால் அடுத்த தேர்தலுக்கும் அவளைத்தான் கூப்பிட்டோம்.

அவள் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்காரருக்குப் பார்வை போனது. சுவரைத் தடவிக்கொண்டே குளியலறைக்குப் போவார். நடை திரும்புகிற மூலையில் அவர் கைக்கு ஓர் அடையாளம் வேண்டுமென்று நர்சரியில் ஒரு கன்று வாங்கித் தொட்டியோடு வைத்தாள். ‘பாக்கு’ என்று சீட்டுக் கட்டியிருந்தது. பாக்கில் முள் வராது. அதற்காகத்தான் வாங்கினாள்.

புது ஓலை விரிந்தது. அதன் அடியில் இருந்த குட்டி இலைகள் ஊசிபோல விறைத்து நின்றன.

“அதத் தொடாத.”

“நேத்து வரைக்கும் தொடச் சொன்ன.”

“இன்னைக்கு அது மேல சந்தேகம்.”

“அப்பாடா. என்னை விட்டுட்ட.”

தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனாள்.

“குட்டியில எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்கா” என்றான் நர்சரிக்காரன்.

“அப்ப நீ எதப் பாத்துச் சீட்டுக் கட்டுன?”

வாசலில் இடுப்பளவு வளர்ந்த பாக்கு ஒன்று நின்றது. அதன் ஓலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். இலை ஒவ்வொன்றும் கூரைபோலக் கீழே மடிந்திருந்ததால் தண்ணீர் இருபுறமும் வழிந்தது. தன் கன்றில் ஊற்றினாள். இலைகள் மேல்நோக்கி மடிந்திருந்தன. தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதுபோல உள்ளேயே ஓடித் தண்டுக்கு வந்தது.

அவன் தலையைச் சொறிந்தான். “ஈச்சங்கொட்டை கலந்துருக்கும்கா. நாங்க வரிசையப் பாத்துச் சீட்டுக் கட்டுவோம். ஒவ்வொரு செடியா யாரு பாக்குறா?”

“நான் பாக்குறேன். தண்ணி கொண்டா.”

வரிசை முழுக்க ஊற்றினாள். இன்னும் சில கன்றுகளின் சீட்டை அவனையே அவிழ்க்க வைத்துவிட்டு, தண்ணீர் தங்காத ஒன்றை எடுத்து வந்தாள். மூலையில் வைத்தாள்.

வீட்டுக்காரர் கையை நீட்டினார். “இது பாக்குதானே?”

“அவன் அப்படித்தான் சொல்றான்.”

“நீ என்ன சொல்ற?”

“இன்னொரு ஓலை விடட்டும், சொல்றேன்.”

“அதுவரைக்கும் எதப் புடிச்சுத் திரும்புறது?”

தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். “என்னைப் புடி.”

“உன்னை நம்பலாமா?”

“எனக்கு எவனும் சீட்டுக் கட்டல. வா.”