நூற்றெட்டு டிகிரியும் ஆசீர்வாதத்தின் கையும்

வில்லாபுரம் ஆசீர்வாதம் வீட்டில் வெந்நீரில் குளிக்க மாட்டார். காப்பியைக்கூட ஆறவைத்துத்தான் குடிப்பார். ஆலைக்குள் நுழைந்துவிட்டாலோ, சூடு நாலு டிகிரி இறங்கினால் மனிதருக்கு முகம் வாடிவிடும். மிஷன் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி பிலோமினாள் இதைப் பற்றி இருபத்தைந்து வருடம் யோசித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

அவர் பாய்லர் ஓட்டுவது டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில். தனக்கு வேண்டிய கரண்டை நிலக்கரி எரித்துத் தானே எடுத்துக்கொள்ளும் ஆலை அது. வெளியேறும் புகையோடு இரண்டு சங்கதிகள் போகும்: சூடு, சாம்பல் தூசி. சூடு போவது யார் கண்ணிலும் படாது. தூசி, ஊரில் காயப்போட்ட வேட்டிகளில் எல்லாம் படும்.

புகைபோக்கிக்கு முன்னால், மின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் பெரிய பெட்டி ஒன்று உண்டு. புகை நூற்றைம்பது டிகிரியில் பாய்ந்து வந்தால் அது திணறும். சூடு தணிந்து, சுருங்கி, நிதானமாக வந்தால் ஒழுங்காகப் பிடிக்கும். ஆகவே பெட்டிக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்களை வரிசையாக வைத்தார்கள். புகையின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு பாய்லருக்கே திரும்பும். கரி மிச்சம், தூசியும் குறைச்சல். புகையைத் திருத்த அதனிடம் திருடினால் போதும் என்பது எந்த ஞாயிறு பிரசங்கத்திலும் வராத நீதி. இந்த ஏற்பாட்டுக்காக மேனேஜரிடம் நடையாய் நடந்தவர் ஆசீர்வாதமேதான்.

மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். பதினைந்து நாள் சோதனை. தூசி மீட்டரின் சராசரி ஐம்பதுக்குக் கீழே வரவேண்டும். வராவிட்டால் பாய்லரை மூடிவிட்டு வெளிக்கரண்டு வாங்கிக்கொள்வார்கள். ஆசீர்வாதம் ஐம்பத்து நாலு வயதில் பஞ்சுக் குடோனுக்குப் போய்ப் பொதி எண்ணலாம்.

முதல் ஐந்து நாளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மற்ற ஷிப்டுகளில் தூசி நாற்பத்திரண்டு. ஆசீர்வாதத்தின் காலை ஷிப்டில் மட்டும் எழுபத்திரண்டு.

காலையில் வரும் கரியில் ஈரம் என்றார் அவர். பார்த்தார்கள், இல்லை. மீட்டருக்குக் கிறுக்கு என்றார். சோதனைப் பொறுப்பிலிருந்த இன்ஜினியர் பவதாரிணி மீட்டரைக் கழற்றிச் சரிபார்த்து மாட்டினார். அதற்குக் கிறுக்கு இல்லை. காலைக் காற்றே சரியில்லை என்று கடைசியாகச் சொல்லி, மதிய ஷிப்ட் வீரணனோடு நேரத்தை மாற்றிக்கொண்டார். மறுநாளிலிருந்து காலை சுத்தமாகிவிட்டது. எழுபத்திரண்டு மதியத்துக்கு வந்தது.

பராமரிப்பு பார்க்கும் சேக் இஸ்மாயிலுக்கு இதில் ஒரு தெளிவு கிடைத்தது.

"அண்ணே, தூசி கரியில இல்ல. ஒங்ககூடவே ஷிப்ட் மாறி வருது."

"ஏன் பாய், நான் என்ன சாம்பல மூட்ட கட்டிக்கிட்டா வாரேன்?"

குழாய்களுக்குள் போகாமல் புகையை நேராகப் பெட்டிக்கு விடுவதற்கு ஒரு பைபாஸ் கதவு இருந்தது. அதன் கைப்பிடி நின்ற இடத்தில் இஸ்மாயில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். அன்று பத்தாம் நாள். ஆசீர்வாதம் வழக்கம்போல நாலு தடவை சுற்றி வந்தார். ஷிப்ட் முடிவில் பவதாரிணியும் சேர்ந்து மூவரும் போய்ப் பார்த்தபோது கைப்பிடி கோட்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நின்றது.

"சார், நீங்கதான் திறந்தீங்களா?" என்றார் பவதாரிணி.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையுறையின் விரல்களில் சாக்பீஸ் வெள்ளை.

விளக்கம் பிறகுதான் வந்தது. இந்த ஆலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் அவர் வேறோர் இடத்தில் எண்ணெய் பாய்லர் ஓட்டியவர். அந்த எண்ணெயில் கந்தகம் அதிகம். புகை குளிர்ந்தால் அமிலமாக வியர்க்கும், இரும்பு சல்லடையாகும். புகையை ஆறவிடாதே என்பது அங்கே முதல் பாடம். இங்கே எரிவது கந்தகம் குறைந்த கரி, நூற்றெட்டு டிகிரி வரை ஆறினாலும் பயமில்லை என்று மேனேஜரிடம் கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். கணக்கைத் தலை ஒப்புக்கொண்டது. கையிடம் யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் சராசரி ஐம்பத்திரண்டு. பாக்கி ஐந்து நாள். சோதனைப் பதிவேட்டில் தூசி கூடியதற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், 'இயந்திரக் கோளாறு' என்று போட்டால் யாரும் நோண்டப்போவதில்லை என்றார் வீரணன். அப்படி எழுதினால் கோளாறான இயந்திரத்தைத்தானே மூடுவார்கள் என்று ஆசீர்வாதம் கேட்டார். 'பைபாஸ் கதவைத் திறந்தது நான். பழக்கதோஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு இஸ்மாயிலிடம் போனார்.

"அந்தக் கைப்பிடியக் கழட்டிருங்க பாய். எங்கிட்ட மட்டும் குடுத்துராதீங்க."

"அவசரம்னா?"

"பவதாரிணி மேடம் ரூம்ல வைங்க. நான் போயி, அவசரம்னு அவுகளுக்குப் புரியவச்சு வாங்கணும். அம்புட்டு தூரம் நடந்தா எனக்கே புத்தி வந்துரும்."

ஐந்து நாளில் ஆறு முறை பவதாரிணியின் அறை வாசல்வரை போனார். ஐந்து முறை வாசலிலேயே திரும்பினார். ஒரு முறை உள்ளே போய், மணி என்ன என்று கேட்டுவிட்டு வந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார்.

தூசி மூன்று ஷிப்டிலும் நாற்பதில் நின்றது. பதினைந்து நாள் சராசரி நாற்பத்தெட்டு. மேனேஜர் கையெழுத்துப் போட்டார், பாய்லர் தப்பியது. கைப்பிடியைத் திருப்பி மாட்டட்டுமா என்று பவதாரிணி கேட்டதற்கு, இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்றார் ஆசீர்வாதம்.