பெரிய சிஸ்டர் கடைசியாகப் பேசட்டும்

விசில் டீச்சருக்குச் சம்பளம் கொடுப்பது வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு. பள்ளி மைதானத்தில் காலமெல்லாம் விசில் ஊதிப் பிழைத்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு இப்படியொரு வேலை வாய்த்ததை அவர் கணவரால் இன்னும் நம்ப முடியவில்லை. பத்துப் பேர் கூடி ஒரு முடிவுக்கு வரவேண்டிய இடத்தில், முடிவில் எந்தப் பங்கும் இல்லாத பதினோராவது ஆளாகப் போய் உட்காருவார். பேசாதவரைப் பேசவைப்பார், பேசி ஓயாதவரை ஓயவைப்பார். சொந்த அபிப்பிராயத்தைக் குடையோடு சேர்த்து வாசலிலேயே வைத்துவிடுவார்.

"நம்ம வீட்லயும் ஒரு கூட்டம் போடேன். அன்னைக்காவது நீ பேசாம இருப்பே" என்பது கணவரின் நிரந்தர வேண்டுகோள்.

இந்த மௌனம் பிறவிக் குணமல்ல. முதல் கூட்டத்தில் இரண்டு பேர் கத்திக்கொண்டபோது, பழக்க தோஷத்தில் கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிவிட்டார். கணக்கர் ஒருவர் விறைப்பாக எழுந்தே நின்றுவிட்டார். அதற்கப்புறம் அந்த அறையில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, முடிவும் வரவில்லை. அன்றிலிருந்து டீச்சர் ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டார். கூரை இடிந்து விழுந்தால்கூட, "இதைப் பத்தி யாராவது ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்கிற ரகம்.

அன்றைக்குக் கூட்டம் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், நர்ஸுகளுக்கு. எட்டு மணி நேர ஷிஃப்டை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் கொண்டுவரலாமா என்பது விஷயம். வேலை நாள் குறையும், ஆனால் ஒவ்வொரு நாளும் நீளும். யோசனை சொன்னவர் வார்டுக்குத் தலைவியான பெரிய சிஸ்டர்.

கூட்டத்துக்கு முன்னால் டீச்சர் கை கழுவப் போனார். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு குரல் போனில் சொல்லிக்கொண்டிருந்தது: "பன்னண்டு மணி நேரம்னா முடியாதும்மா. பால் குடிக்கிற புள்ளைய எப்படி விட்டுட்டு வர்றது? வேலையத்தான் விடணும்." கதவைத் திறந்து வந்தவள் வார்டிலேயே இளையவள், சின்ன சிஸ்டர். டீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

அரை மணி கழித்து அதே சின்ன சிஸ்டர், "எனக்கு ஓகே சிஸ்டர்" என்றாள்.

டீச்சருக்குத் தர்மசங்கடம். காதில் விழுந்ததைச் சபையில் போட்டு உடைப்பது அயோக்கியத்தனம். உடைக்காவிட்டால் ஒரு பெண்ணுக்கு வேலை போகும். பெரிய சிஸ்டர் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதி. அவரோ, யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தன் லீவை விட்டுவிட்டு வந்து நிற்கிறவர். அவர் மனசு நோகக்கூடாதென்று எல்லாரும் தலையாட்டினார்கள். பயத்தில் ஆடும் தலையாவது நடுவில் ஒருமுறை நிற்கும். பாசத்தில் ஆடும் தலை நிற்பதே இல்லை.

"அப்ப கை தூக்கிடலாமா?" என்றார் பெரிய சிஸ்டர்.

டீச்சரின் கை தன்னையறியாமல் கைப்பைக்குள் போய் விசிலைத் தொட்டது. விட்டுவிட்டு வெளியே வந்தது. கதவுக்குப் பின்னால் கேட்டதை ஒதுக்கிவிட்டு, எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடந்தது என்னவென்று யோசித்தார். அது போதுமானதாக இருந்தது.

"தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை" என்று எழுந்தார். "நான் பேசாம இருக்கத்தான் இங்க வந்தது. இருந்தாலும் சொல்லிடறேன். அரை மணியா பாக்கறேன். யார் வாயத் திறந்தாலும் முதல்ல பெரிய சிஸ்டர் முகத்தப் பாக்கறீங்க. அவங்களும் உங்க முகத்தப் பாத்துட்டுத்தான் பேசறாங்க. ஷிஃப்டை யாருமே பாத்த மாதிரி தெரியல. சிஸ்டர், நீங்க கடைசியாப் பேசறீங்களா?"

பெரிய சிஸ்டரின் முகம் சிவந்தது. "ஏன், நான் முதல்ல பேசினா கடிச்சிருவேனா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பேசுவதைவிட, பேசியபின் வரும் அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம். இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சமாதானம் செய்யச் சொல்லி நாக்கு துடித்தது. அதைப் பல்லுக்குள் பிடித்துவைத்தார். 

கடைசியில், நரைத்த பிறகும் வார்டில் எல்லாருக்கும் 'தம்பி'யாகவே இருந்த ஆண் நர்ஸ் தொண்டையைக் கனைத்தார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எட்டு மணி நேரத்துக்கே என் இடுப்பு லீவு கேக்குது."

அதற்குத்தான் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சின்ன சிஸ்டர், "எனக்கும் முடியாது சிஸ்டர். பாப்பா இருக்கா" என்றாள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தார்கள். ஒருத்தருக்கும் வேண்டாம்.

பெரிய சிஸ்டர் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடப்பாவிங்களா. பஸ்ல வந்து போறதே பெரும்பாடா இருக்கு, நாள் குறைஞ்சா தேவலைன்னு நீங்க டீ குடிக்கறப்ப புலம்பினீங்களேன்னுதானே நான் மேலிடத்துல போய்க் கேட்டேன்? என் முட்டி என்னைக்கோ போச்சு. பன்னண்டு மணி நேரம் நின்னா என்னையே ஒரு பெட்ல போட வேண்டியதுதான்."

யாருக்கும் வேண்டாத ஷிஃப்ட் ஒருமனதாக நிறைவேற இருந்து, ஒருமனதாகவே விழுந்தது. பெரிய சிஸ்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நல்லாத்தான் போட்டுக் கொடுத்தீங்க என்னை" என்றார். கோபமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பிடித்திருந்த டீச்சரின் கையை விடவில்லை.

வீட்டில் டீச்சர் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கூடத்துக்குப் பச்சை வண்ணம் அடிக்கலாம் என்றிருப்பதாக அறிவித்தார்.

கணவர் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பச்சைதான் நல்லா இருக்கும்" என்றார்.

டீச்சர் அதைக் கவனிக்கத்தான் செய்தார். கூட்டம் எதுவும் போடவில்லை.