ஸ்விஸ் சுற்றில் பாப்பாவின் பெயர்

பாப்பா, நேற்று உன் போனுக்கு மெசேஜ் வந்தது. முதல் சுற்று, எட்டாம் மேஜை, பக்கத்தில் உன் பெயர். காய்ச்சலில் படுப்பதற்கு முன்னால் நீ பதிந்து வைத்த கார்டு போட்டி. உன் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெயரை எடுக்கச் சொல்லலாம் என்று மல்காஜ்கிரி வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாரெட்பள்ளியில் போட்டி நடக்கும் அந்தக் கார்டு கடை மாடிக்கு உன்னை முதலில் கூட்டிப்போனதே நான்தான். முதல் ஆட்டத்திலேயே நீ தோற்றாய். நான் பையைத் தூக்கிவிட்டேன்.

"எங்கடா அண்ணா கிளம்பிட்ட?"

"தோத்துட்டல்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

"நக்கோ, வேணாம். இது நாக்-அவுட் இல்ல, ஸ்விஸ். தோத்தவங்க தோத்தவங்களோட ஆடுவாங்க. கடைசி ரவுண்டு வரைக்கும் யாரையும் வெளிய அனுப்ப மாட்டாங்க. மொத்தத்துல மேல வர்ற எட்டு பேருக்குத்தான் அப்புறம் நாக்-அவுட்."

"அதெல்லாம் எனக்கெங்க புரியுது."

"நீ எட்டாங் கிளாஸோட நாக்-அவுட் ஆனவன். உனக்கு எல்லாமே நாக்-அவுட்டாத்தான் தெரியும்."

பக்கத்து மேஜையில் தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தால்தான் மீதியைச் சொல்வேன் என்றாய். காசு போட்டு வாங்கிச் சேர்த்த கார்டுகளை வீட்டிலேயே அடுக்கிக் கொண்டுவந்து ஆடுவது ஒரு வகை. அங்கேயே பாக்கெட்டைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளுவது டிராஃப்ட். உனக்கு டிராஃப்ட்தான் பிடிக்கும். "அதுல பணக்காரப் பசங்களும் நானும் ஒண்ணுடா" என்பாய். அந்த எட்டுப் பேரில் ஒருத்தியாக ஒரு தடவையாவது வர வேண்டும் என்பதுதான் உன் ஆசை.

நான் போனபோது எட்டாம் மேஜையில் ஒரு காலேஜ் பெண் கார்டுகளைக் கலைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருந்தாள். எதிர் நாற்காலி காலி. போட்டி நடத்துகிறவரிடம் போய், பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"டிராப் பண்றதுன்னா ஆடுறவங்களே வந்து சொல்லணும் பாய்," என்றார் இந்தியில். "லேட்டாகுமா? பரவால்ல. இந்த ரவுண்டு போனா போகட்டும். ஸ்விஸ்தானே, அடுத்ததுக்கு வரச் சொல்லுங்க."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அடுத்த சுற்றிலும் உன் பெயர் வரும். அதற்கடுத்ததிலும் வரும். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சாயங்காலம் வரையாவது சுவரில் பெயர்கள் ஓடும் அந்தத் திரையில் நீ இருப்பாய். ஆனால் அந்தப் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ செத்துப்போயிட்டா," என்றேன்.

வீட்டில்கூட நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரில் உன் பெயரை எடுத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இதைப் படிக்கிறவர்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, தர்காவுக்கோ, சர்ச்சுக்கோ, எனக்குத் தெரியாது. எங்கே கை கூப்பினாலும் என் தங்கச்சிக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.